ஆடப் பயமில்லை, விருந்துக்குப் போகத்தான் பயம்

அன்புள்ள டாக்டர்,

எனக்கு ஐம்பது வயது ஆகப்போகிறது. ஒரு நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். பிள்ளைகள் வளர்ந்து அவரவர் வேலையைப் பார்க்கப் போன பிறகு, எனக்கென்று ஒன்று வேண்டும் என்று ஜோடியாக ஆடும் பால்ரூம் நடன வகுப்பில் சேர்ந்தேன். உடம்புக்கு நல்லது என்றுதான் ஆரம்பித்தேன். இப்போது போட்டிக்குப் பெயர் கொடுக்கும் அளவுக்கு வந்து நிற்கிறது. ப்ரோ-ஆம் என்று ஒரு பிரிவு உண்டு. மாணவர் தன் மாஸ்டரோடு ஜோடியாக ஆடுவார்; நடுவர்கள் மாணவரை மட்டும்தான் பார்ப்பார்கள். அதில் வெண்கலம் என்ற தொடக்க நிலையில் வால்ட்ஸ், டாங்கோ, ஃபாக்ஸ்ட்ராட் என்ற மூன்று நடனங்களும் ஆடப்போகிறேன்.

போட்டியை நினைத்தால் வயிறு கலங்கும்தான். ஆனால் அது தாங்கக்கூடிய கலக்கம். தளத்தில் கால் வைத்துவிட்டால் இசை இருக்கிறது, பழகிய ஸ்டெப்கள் இருக்கின்றன, மாஸ்டர் இருக்கிறார். ஒன்றரை நிமிஷத்தில் ஒரு ஆட்டம் முடிந்துவிடும்.

என் பிரச்சினை கடைசி நாள் இரவு நடக்கும் காலா டின்னர். எல்லோரும் முழுநீள கவுனிலும் கறுப்பு சூட்டிலும் வருவார்களாம். ஒவ்வொரு நடன ஸ்டூடியோவுக்கும் ஒரு வட்ட மேசை. சாப்பாட்டுக்கு நடுவே தளத்தைத் திறந்துவிடுவார்கள், யார் வேண்டுமானாலும் ஆடலாம். அப்புறம் தொழில்முறை ஜோடிகளின் நடனம், விருது அறிவிப்பு. நான்கு மணி நேரம் நீளும் என்கிறார்கள். அந்த நான்கு மணி நேரத்தை நினைத்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

மேசையில் என் பக்கத்தில் இருக்கப் போகிறவர்கள் பல வருஷமாகப் போட்டிகளுக்குப் போய் வருபவர்கள். அவர்களிடம் நான் என்ன பேசுவது? என்ன பேசலாம் என்று போனில் குறித்து வைத்து மனப்பாடம் செய்கிறேன். கவுனைப் போட்டுக் கண்ணாடி முன் நின்றால், வேஷம் கட்டியது மாதிரி தெரிகிறது. தெரியாத ஒருவர் வந்து ஆடக் கூப்பிட்டால்? எனக்கு மாஸ்டர் அமைத்துத் தந்த வரிசைதான் தெரியும். வேறொருவர் கையில் முதல் அடியிலேயே தடுமாறுவேன். விருது அறிவிக்கும்போது என் பெயர் வராமல் போனால் முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்றுகூட யோசிக்கிறேன். சிரிக்காதீர்கள்.

என் கணவருக்கு நடனம் தெரியாது. “நீ ஆடறதைப் பார்க்க வர்றேன். அந்த விருந்துல எனக்கு என்ன வேலை? நீ உன் ஆளுங்களோட பேசுவே, நான் தட்டைப் பார்த்துக்கிட்டு உட்காரணும்” என்கிறார். அவர் வராவிட்டால் தனியாகப் போக வேண்டும். வந்தால் அவர் முகத்தையும் சேர்த்துக் கவனிக்க வேண்டும். தலைவலி என்று சொல்லி அறையிலேயே இருந்துவிடலாமா என்று தோன்றுகிறது. மாஸ்டர் வருத்தப்படுவார். என்ன செய்யட்டும்?

— ஒரு வாசகி


அன்புள்ள சகோதரிக்கு,

சிரிக்கவில்லை. நடுவர்கள் முன்னால் ஆடத் துணிந்தவருக்கு விருந்து மேசை பயமாக இருப்பதில் முரண்பாடு எதுவும் இல்லை. தளத்தில் உங்களுக்கு ஒரு வேலை இருக்கிறது, கவனம் அதில் இருக்கிறது. மேசையில் குறிப்பிட்ட வேலை எதுவும் இல்லை. சும்மா இருக்கும் கவனம் உடனே உங்கள் மேலேயே திரும்பிவிடுகிறது: கை எங்கே இருக்கிறது, குரல் எப்படி ஒலிக்கிறது, கவுன் எப்படித் தெரிகிறது. டேவிட் கிளார்க், ஏட்ரியன் வெல்ஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1995-ல் சமூகப் பதற்றத்தை விளக்கியபோது இதைத்தான் மையத்தில் வைத்தார்கள். பதற்றப்படுபவர் எதிரில் இருப்பவரைப் பார்ப்பதை விட்டுவிட்டுத் தன்னையே பார்க்கத் தொடங்குகிறார். உள்ளே இருக்கும் நடுக்கம் வெளியே எல்லோருக்கும் தெரிகிறது என்று நம்பிவிடுகிறார்.

தெரிவதில்லை. 2000-ல் தாமஸ் கிலோவிச்சும் அவருடைய சகாக்களும் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். வெட்கப்பட வைக்கும் படம் போட்ட டி-ஷர்ட்டை மாணவர்களுக்கு மாட்டிவிட்டு, மற்றவர்கள் இருக்கும் அறைக்குள் அனுப்பினார்கள். அறையில் இருந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் கவனித்திருப்பார்கள் என்று போட்டிருந்தவர்கள் நினைத்தார்கள். உண்மையில் கவனித்தவர்கள் கால்வாசிதான். உங்கள் விருந்தில் அந்தக் கால்வாசியும் இருக்குமா என்பது சந்தேகம். அன்று பகல் முழுக்க ஆடியவர்கள் அவர்கள். ஸ்ப்ரே அடித்து இறுக்கிய முடி இன்னும் அசையாமல் நிற்கும், பாதம் எரியும், ஒரு சுற்றில் கால் தவறியது மனதில் ஓடிக்கொண்டிருக்கும். உங்கள் கவுனை ஆராய யாருக்குத் தெம்பு இருக்கப் போகிறது?

நீங்கள் செய்துவரும் தயாரிப்பைப் பற்றி எனக்கு ஒரு அபிப்பிராயம் உண்டு. தயாரிப்பில் இரண்டு வகை இருக்கிறது. ஒன்று, ஒரு கவலையைத் தீர்த்து, அதைப் பற்றி யோசிக்கவே வேண்டாத நிலைக்குக் கொண்டுபோவது. இன்னொன்று, உங்களை நீங்களே இன்னும் கூர்ந்து கண்காணிக்க வைப்பது. பேச்சை மனப்பாடம் செய்வது இரண்டாவது வகை. பக்கத்தில் இருப்பவர் பேசிக்கொண்டிருக்கும்போது நீங்கள் உங்கள் அடுத்த வரியைத் தேடிக்கொண்டிருப்பீர்கள். அவர் சொன்னது காதில் விழாது. அந்தப் போன் குறிப்பை அழித்துவிடுங்கள். கண்ணாடி முன் நிற்பதையும் குறையுங்கள்.

கவுனைப் பொறுத்தவரை, வீட்டில் அதைப் போட்டுக்கொண்டு ஒரு முழு வேளைச் சாப்பாடு சாப்பிடுங்கள். உட்காருங்கள், எழுந்திருங்கள், படி ஏறுங்கள், பாத்ரூம் போய் வாருங்கள், சதுரமாகக் கால் வைக்கும் பாக்ஸ் ஸ்டெப் போட்டுப் பாருங்கள். விளிம்பு குதிகாலில் சிக்கினால் இப்போதே தைத்துச் சுருக்கிக்கொள்ளலாம். பார்க்க அழகாக இருந்து உட்கார முடியாத உடையை யோசிக்காமல் ஒதுக்குங்கள். போட்டியில் ஆடும் உடையோடு விருந்துக்கு வருவது பொதுவாக வழக்கமில்லை. அதனால் கடைசி ஆட்டத்துக்கும் விருந்துக்கும் நடுவே உடை மாற்ற, மேக்கப்பைக் கலைக்க, கொஞ்சம் படுக்க எவ்வளவு நேரம் இருக்கிறது என்று அட்டவணையைப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். நடனக் காலணியின் அடிப்பகுதி மெத்தென்ற ஸ்வேட் தோலாக இருந்தால், அதைப் போட்டுக்கொண்டு வெளியே நடக்க வேண்டாம், ஈரம் பட்டால் கெட்டுவிடும். சின்னப் பையில் எடுத்துப்போய் மேசையில் மாற்றிக்கொள்ளலாம். பலரும் அப்படித்தான் செய்வார்கள்.

இன்னொன்று, பலர் கோட்டைவிடும் விஷயம்: பசி. போட்டி நாளில் பதற்றத்தில் ஒழுங்காகச் சாப்பிட மாட்டார்கள், காபியாகக் குடிப்பார்கள். விருந்தில் தட்டு வர நேரமாகும். வெறும் வயிற்றில் கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும். பயத்திலும் இதேதான் நடக்கும் என்பதால், “ஆரம்பித்துவிட்டது” என்று மனம் முடிவு கட்டிவிடும். விருந்துக்கு முன்னால் ஏதாவது சாப்பிட்டுவிட்டுப் போங்கள். தைரியத்துக்காக மது என்ற யோசனை இருந்தால் அதை விட்டுவிடுங்கள்.

ஆடக் கூப்பிட்டால் என்ன செய்வது என்பதுதான் உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் நியாயமாகப் பட்ட பயம். ப்ரோ-ஆம் மாணவர்கள் நிறையப் பேருக்கு இது உண்டு. மாதக்கணக்கில் ஒரே வரிசையை ஒரே ஆளோடு ஆடியதால், உடம்பு எதிராளியின் சைகைக்குக் காத்திருப்பதில்லை, வரிசையை ஒப்பித்துவிடுகிறது. இதைப் பேச்சால் தீர்க்க முடியாது. விருந்துக்கு முன்னால் ஒரு வகுப்பு முழுவதையும் இதற்கே ஒதுக்கச் சொல்லி மாஸ்டரிடம் கேளுங்கள். வரிசையை மறந்துவிட்டு, அவர் நினைத்தபடி நடத்த, நீங்கள் தொடர்ந்து போங்கள். முடிந்தால் வேறொரு ஆசிரியரோடும், வேறொரு மாணவரோடும் ஆடிப் பாருங்கள். அடுத்து என்ன என்று தீர்மானிப்பது நடத்துபவரின் பொறுப்பு. நீங்கள் அதை முன்கூட்டியே ஊகிக்க வேண்டியதில்லை. விருந்துத் தளத்தில் நடுவர் கிடையாது. வேகமாக நகரும் ஜோடிகள் வெளிவட்டத்தில் எதிர்க்கடிகாரத் திசையில் போவார்கள். நடுப்பகுதியில் நின்ற இடத்திலேயே எளிய ஸ்டெப்களை ஆடலாம். “நான் புதுசு, எளிமையா ஆடலாமா?” என்று கேட்டால் போதும். வேண்டாம் என்று சொல்லவும் உங்களுக்கு உரிமை உண்டு. அதே பாட்டுக்கு இன்னொருவரோடு எழுந்துவிடாமல் இருந்தால் சரி, அது அங்கே உள்ள பழைய மரியாதை.

விருது பற்றி ஒரு தகவல் சொன்னால் பாதிக் கவலை போய்விடும். பல ப்ரோ-ஆம் போட்டிகளில் விருந்தில் அறிவிக்கப்படும் ‘சிறந்த மாணவர்’ பட்டம், மொத்தப் போட்டியிலும் சேர்த்த புள்ளிகளைக் கூட்டித் தரப்படுவது. எத்தனை ஆட்டங்களுக்குப் பெயர் கொடுத்தார்கள் என்பதும் அதில் சேரும். அந்த வரிசையில் மேலே வருபவர்கள் பெரும்பாலும் டஜன் கணக்கில் ஆடுபவர்கள். மூன்று நடனம் ஆடும் நீங்கள் அந்தப் பட்டியலில் இல்லாததற்கும் உங்கள் வால்ட்ஸின் தரத்துக்கும் சம்பந்தமில்லை. கணக்குப் பிரிவில் இருக்கும் உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பெயர் படிக்கும்போது கை தட்டுங்கள். முகம் தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும்.

மேசைப் பேச்சுக்கு மனப்பாடம் வேண்டாம் என்றேன், அப்படியானால் என்ன செய்வது? பக்கத்தில் இருப்பவரைக் கேளுங்கள். முதல் போட்டி எப்படி இருந்தது, எந்த நடனம் இன்னும் வசப்படவில்லை, தொழில்முறை ஜோடிகளில் யாரைப் பார்க்கக் காத்திருக்கிறார்கள். நடனக்காரர்களிடம் டாங்கோவைப் பற்றிக் கேட்டால் அப்புறம் நீங்கள் பேசவே வேண்டியிருக்காது. பேச்சு நன்றாகப் போகவில்லை என்று உங்களுக்குத் தோன்றலாம். 2018-ல் எரிகா பூத்பியும் சகாக்களும் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் பார்த்தது: முதல்முறை சந்தித்துப் பேசியவர்கள், எதிராளி தங்களை உண்மையில் எவ்வளவு விரும்பினாரோ அதைவிடக் குறைவாகவே மதிப்பிட்டார்கள். அறைக்குத் திரும்பிப் படுத்ததும் மனம் ஒவ்வொரு வாக்கியத்தையும் எடுத்து விசாரிக்கத் தொடங்கும். அந்த விசாரணையின் தீர்ப்பை நம்பாதீர்கள்.

உங்கள் கணவர் சொன்னதை மறுபடி படித்துப் பார்த்தீர்களா? “தட்டைப் பார்த்துக்கிட்டு உட்காரணும்.” உங்கள் பயமேதான் அது. நீங்கள் அவரை வற்புறுத்துகிறீர்கள், அவர் மறுக்கிறார் என்று இருவரும் எதிரெதிரே நிற்க வேண்டிய அவசியமே இல்லை. “எனக்கும் அதே பயம்தாங்க” என்று சொல்லிப் பாருங்கள். அந்த மேசையில் ஆடாத துணைவர்கள் வேறு சிலரும் இருக்கக்கூடும். மாஸ்டரிடம் கேட்டு அப்படி ஒருவர் பக்கத்தில் அவருக்கு நாற்காலி போடச் சொல்லலாம். அவர் சலித்துப்போகிறாரா என்று நீங்கள் காவல் காக்க வேண்டாம், பெரியவர் அவர், சமாளித்துக்கொள்வார். விருப்பம் இருந்தால் வால்ட்ஸின் பாக்ஸ் ஸ்டெப்பை மட்டும் வீட்டில் சொல்லிக்கொடுங்கள். ஆறு அடிதான். கட்டாயப்படுத்த வேண்டாம்.

இந்தப் பயம் விருந்தோடு நிற்காமல் அலுவலகக் கூட்டம், புது மனிதர்கள், போன் பேச்சு என்று பரவியிருந்தால், ஒரு உளவியல் ஆலோசகரை நேரில் பாருங்கள். இதற்கு நல்ல சிகிச்சை இருக்கிறது. உங்கள் கடிதத்தை வைத்துப் பார்த்தால் அவ்வளவு தூரம் இல்லை என்றே நினைக்கிறேன்.

தலைவலி யோசனை வேண்டாம். அறையில் இருந்துவிட்டால் அன்று இரவு நிம்மதியாக இருக்கும், அடுத்த போட்டியில் இந்தப் பயம் இரண்டு மடங்காக வந்து நிற்கும். அதற்காக நான்கு மணி நேரமும் இருந்தே ஆக வேண்டும் என்றும் இல்லை. எப்போது கிளம்புவது என்பதை இப்போதே, பதற்றம் இல்லாத நேரத்தில், கணவரோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள்: தொழில்முறை ஜோடிகள் ஆடி முடித்ததும் என்றோ, விருதுகள் முடிந்ததும் என்றோ. அதற்கு முன்னால் நெஞ்சு படபடத்தால் வெளியே போய்க் காற்று வாங்கிவிட்டுத் திரும்பி மேசைக்கே வாருங்கள். படபடப்பு உச்சத்தில் இருக்கும்போது மட்டும் கிளம்பாதீர்கள். மாஸ்டரிடம் வருகிறேன் என்று இந்த வாரமே சொல்லிவிடுங்கள், அந்த ஒரு வகுப்பையும் அப்போதே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.