கழுத்து வலி: எலும்பு மருத்துவரிடம் கேளுங்கள்

காலையில் எழுந்ததும் கழுத்தைத் திருப்ப முடியவில்லை. எந்த மாத்திரை போடலாம்? (சிவகாசி)

தசைப்பிடிப்பாகத்தான் இருக்கும். பெரும்பாலும் சில நாட்களில் தானாக விட்டுவிடும். வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள், கழுத்தை மெதுவாக அசைத்துக்கொண்டே இருங்கள். தேவைப்பட்டால் சாப்பிட்ட பிறகு ஐபுப்ரோஃபென், அதுவும் இரண்டு மூன்று நாளுக்கு மட்டும். வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு, இதய நோய், ஆஸ்துமா இருப்பவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம். மருந்துக் கடையில் பழைய சீட்டை நீட்டி வாங்குவதும் வேண்டாம்.

எக்ஸ்ரேயில் எலும்புத் தேய்மானம் என்று வந்திருக்கிறது. வயது 52. பயமாக இருக்கிறது. (ஈரோடு)

உங்கள் வயதில் வலியே இல்லாதவரைப் படம் எடுத்தாலும் தேய்மானம் தெரியும். படத்தை விட உங்கள் கைதான் எனக்கு முக்கியம். வலி தோளைத் தாண்டி இறங்குகிறதா? எந்த விரல் மரத்துப்போகிறது? கழுத்தில் எலும்பு ஏழுதான் என்றாலும் நரம்பு வேர்கள் எட்டு ஜோடி. கட்டைவிரல் மரத்துப்போனால் ஆறாவது வேரையும், நடுவிரல் என்றால் ஏழாவதையும், சுண்டுவிரல் என்றால் எட்டாவதையும் சந்தேகிப்போம். வேர் அழுந்தியவர்களில் பெரும்பாலோருக்குச் சில வாரங்களிலோ மாதங்களிலோ அறுவை சிகிச்சை இல்லாமலே குறைந்துவிடுகிறது.

சட்டைப் பொத்தானைப் போட விரல் தடுமாறினால், நடக்கும்போது கால் பின்னினால் கதை வேறு. அப்போது அழுந்துவது தண்டுவடமாக இருக்கலாம். வலி அதிகம் இல்லாமலும் இது வரும், அதனால்தான் ஏமாந்துபோகிறார்கள். மாத்திரை போட்டு நாளைக் கடத்தாமல் எம்.ஆர்.ஐ. எடுங்கள்.

மாத்திரைதானே வயிற்றைப் புண்ணாக்கும்? ஊசியாகப் போட்டால்? (கடலூர்)

அதுவும் புண்ணாக்கும். வீக்கத்தையும் வலியையும் தூண்டும் புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருள்தான் இரைப்பையின் உட்சுவரையும் காக்கிறது. சிறுநீரகத்துக்கு ரத்தம் போவதற்கும் உதவுகிறது. டைக்ளோஃபெனாக் போன்ற வலி மருந்து எந்த வழியாக உள்ளே போனாலும் ரத்தத்தில் கலந்து புரோஸ்டாகிளாண்டின் உற்பத்தியைக் குறைக்கிறது.

ரத்த அழுத்தத்துக்கு லோசார்ட்டானும் நீர் மாத்திரையும் சாப்பிடுகிறேன். கூடவே வலி மாத்திரை? (சேலம்)

கூடாது. மூன்றும் சேர்ந்தால் சிறுநீரகம் திடீரென்று பழுதாகலாம். பாரசிட்டமால் பற்றி உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். பழைய சீட்டு வேண்டாம் என்று சொல்வது இதற்காகவும்தான்.

அப்பாவுக்கு ஸ்டென்ட் வைத்திருக்கிறது. எடோரிகாக்சிப் என்ற வலி மாத்திரை தரலாமா? (கோவை)

தராதீர்கள். இதே வகை மருந்தான ரோஃபெகாக்சிப், மாரடைப்பு அபாயம் காரணமாக 2004-ல் சந்தையிலிருந்து விலக்கப்பட்டது.

முடி வெட்டியதும் சலூனில் கழுத்தைத் திருப்பிச் சொடக்கு எடுப்பது நல்லதா? (திருச்சி)

வேண்டவே வேண்டாம். வெடுக்கென்று திருப்பும்போது, கழுத்தெலும்பு வழியாகப் பின்மூளைக்குப் போகும் ரத்தக்குழாயின் உட்சுவர் கிழியலாம். அரிதுதான். நடந்துவிட்டால் பக்கவாதம் வரலாம்.

முப்பது வருடமாகச் சொடக்கு எடுக்கிறேன். யாருக்கும் ஒன்றும் ஆனதில்லை. (சலூன்காரர், மதுரை)

கிழிந்த இடத்தில் ரத்தம் உறைந்து மூளைக்குப் போகச் சில மணி நேரமும் ஆகலாம், சில நாளும் ஆகலாம். வாடிக்கையாளர் உங்கள் நாற்காலியில் விழமாட்டார், அண்ணாச்சி, வீட்டில் விழுவார். அவருடைய வீட்டாருக்கும் சொடக்கு நினைவுக்கு வராது.

எலும்பு இடத்தில் உட்கார்ந்த சத்தம் கேட்கிறதே? உடனே லேசாகவும் இருக்கிறதே? (அதே மதுரை, வாடிக்கையாளர்)

எலும்பு விலகியிருந்தால் நீங்கள் சலூனுக்கு நடந்து போயிருக்கமாட்டீர்கள். அது மூட்டு நீரிலுள்ள வாயுவின் சத்தம். லேசானது உண்மைதான்; தசை கொஞ்ச நேரம் தளரும், அவ்வளவே.

பிசியோதெரபிஸ்ட் திருப்பினால் மட்டும் சரியா? (தஞ்சாவூர்)

நியாயமான கேள்வி. படித்தவர் கை என்பதால் ஆபத்து இல்லாமல் போவதில்லை. அவர் முதலில் தலைச்சுற்றல், கை மரமரப்பு, எலும்பு பலம் எல்லாம் விசாரிக்க வேண்டும். விசாரிக்காமல் தலையைப் பிடித்தால் எழுந்து வந்துவிடுங்கள். சொடக்குக்குப் பிறகு ஒருபக்கக் கழுத்து வலியோடு தலைச்சுற்றல், பார்வை இரட்டையாதல், பேச்சுக் குழறல் வந்தால் 108-ஐ அழையுங்கள்.

கழுத்து வலிக்கு நல்ல மாத்திரை ஒன்று சொல்லுங்கள். (திருநெல்வேலி)

முதல் பதில்.

கழுத்து வலி, என்ன மாத்திரை? (வேலூர்)

முதல் பதில். பழைய சீட்டோடு போகாதீர்கள்.

மூன்று நாளாகக் காய்ச்சல். இன்று கழுத்தைக் குனிய முடியவில்லை, தலைவலி தாங்கவில்லை. (நாகர்கோவில்)

மூளைக்காய்ச்சலாக இருக்கலாம். இப்போதே அவசரப் பிரிவுக்குப் போங்கள். டெங்குவாகவும் இருக்கலாம் என்பதால் ஐபுப்ரோஃபெனோ டைக்ளோஃபெனாக்கோ போடாதீர்கள், ரத்தக்கசிவு கூடும்.