கலப்பு முறை ஆய்வு மென்பொருள் என்றால் என்ன? எக்செல் போதாதா?

எண்களையும் மக்கள் பேசியதையும் ஒரே இடத்தில் இணைத்துப் பார்க்க உதவும் மென்பொருள் இது. மேக்ஸ்கியூடிஏ, என்விவோ, டெடூஸ் எல்லாம் இந்த வகை.

எக்செல் ஏன் போதாது? 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்புகள் சாய்ந்தன. அதைப் பற்றி ஒருவர் நூறு வீடுகளில் விசாரிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். எத்தனை மரம் போனது, கடன் எவ்வளவு என்பதெல்லாம் அட்டவணையில் அடங்கிவிடும். "மரம் காய்க்கிற வரைக்கும் எதைச் சாப்பிடறது?" என்று ஒரு அம்மா கேட்டதை எந்தக் கட்டத்தில் போடுவது?

இந்த மென்பொருளில் அந்த வரிக்கு 'வருமானக் கவலை' என்று ஒரு குறிச்சொல் ஒட்டலாம். அந்த வீட்டின் நில அளவு, கடன் விவரமும் அதே பேட்டியோடு சேர்ந்திருக்கும். அப்புறம், சிறு விவசாயிகள் இந்தக் கவலையை எத்தனை முறை சொன்னார்கள், பெரிய தோப்புக்காரர்கள் எத்தனை முறை என்று ஒப்பிடலாம். எண்ணிலிருந்து அவர்கள் பேசிய வரிக்கே திரும்பிப் போகலாம். என்னைக் கேட்டால், காசு கொடுத்து வாங்குவதே இதற்காகத்தான்.

டாக்டர் ரத்தப் பரிசோதனைச் சீட்டையும் பார்ப்பார், "எங்கே வலிக்குது?" என்றும் கேட்பார் இல்லையா, அது மாதிரி.

மென்பொருளே ஆராய்ந்து முடிவு சொல்லிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். தானாகக் குறிக்கும் வசதி இருந்தாலும், எந்த வரிக்கு எந்தக் குறிச்சொல் சரி என்று படித்துப் பார்ப்பது ஆய்வாளரின் வேலைதான்.