எம்ஜிபி: புது கிளட்ச் சிலிண்டர் போட்டும் ரிவர்ஸ் கரகரப்பு

வணக்கம் சார். உங்கள் 1971 எம்ஜிபி (பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்)-யில் கிளட்சின் மாஸ்டர் (பெடல் பக்கம் ஆயிலைத் தள்ளுவது), ஸ்லேவ் (அந்த அழுத்தத்தில் கிளட்சை விடுவிப்பது) இரண்டு சிலிண்டரும் மாற்றியும் ரிவர்ஸ் போடும்போது கரகரக்கிறது என்றீர்கள். புதுச் சிலிண்டரைச் சந்தேகிக்கும் முன், பெடலையும் மாஸ்டர் புஷ்ராடையும் (சிலிண்டரைத் தள்ளும் கம்பி) இணைக்கும் கிளெவிஸ் பின் என்ற ஊசியைக் கழற்றிப் பாருங்கள். இந்தக் கார்களில் பின் தேய்ந்து, பெடல் ஓட்டையும் நீள்வட்டமாகிவிடும். மிதிப்பதில் கணிசமான பங்கு அங்கேயே வீணாகி, கிளட்ச் முழுதாக விடுபடாது; அதனால்தான் கரகரப்பு. அப்படியிருந்தால் பின்னை மட்டும் மாற்றிப் பயனில்லை. ஓட்டையை வெல்டிங் வைத்து அடைத்து, சரியான அளவில் மறுபடி துளையிட வேண்டும்.

அங்கே பழுதில்லை என்றால் பெரும்பாலும் ஆயில் லைனில் சிக்கிய காற்றுதான். மிதித்து மிதித்து எடுப்பதைவிட, ஸ்லேவ் நிப்பிள் (காற்றை வெளியேற்றும் சிறு திருகு) வழியாக டாட் 4 பிரேக் ஆயிலை மெதுவாக மேலே ஏற்றுவதே எனக்குப் பிடித்த வழி. மாஸ்டர் டப்பா நிரம்பி வழிந்தால் பெயின்ட் போய்விடும், கவனம். பழைய ரப்பர் ஹோஸ் இன்னும் இருக்கிறதா? ஒருவரை மிதிக்கச் சொல்லி, அது உப்புகிறதா என்று பாருங்கள்.