நடிகைகளுக்கு மட்டும் வயதாவதில்லையா?

கேள்வி: எனக்கு 48 வயது. என்னைவிட மூத்த நடிகைகள்கூட முகத்தில் ஒரு சுருக்கம் இல்லாமல் இருக்கிறார்கள். எனக்கோ புருவ மத்தியில் கோடு விழுந்து, கன்னமும் தொங்கிவிட்டது. கண்ணாடி பார்க்கவே பிடிக்கவில்லை. முகத்தை இழுத்துத் தைக்கும் அறுவை சிகிச்சை செய்துகொள்ளலாமா?

பதில்: சகோதரி, திரையில் நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் ஒரே நாளில் வந்த முகம் அல்ல. சில மாதங்களுக்கு ஒருமுறை ஊசி, அதன்மேல் மேக்கப், விளக்கொளி, படத்தை மெருகேற்றும் மென்பொருள் என்று பலதும் சேர்ந்த முகம். அதோடு உங்கள் முகத்தை ஒப்பிடுவது நியாயமே இல்லை.

உங்கள் இரண்டு குறைகளும் வேறு வேறு. புருவ மத்திக் கோடு, தசை சுருங்கிச் சுருங்கி விழுவது. அதற்குக் கத்தி வேண்டாம், அந்தத் தசையைத் தளர்த்தும் போடாக்ஸ் ஊசி போதும். மூன்று நான்கு மாதத்தில் பலன் மறைந்துவிடும், மறுபடி போட வேண்டும். கன்னம் அப்படியல்ல. வயதாக ஆக முக எலும்பு தேய்கிறது, கொழுப்புத் திட்டுகள் சிறுத்துக் கீழே இறங்குகின்றன. எந்தக் கிரீமும் அதைத் தூக்கி நிறுத்தாது. தோலுக்கடியில் ஜெல் போன்ற பொருளைச் செலுத்தும் ஃபில்லர் ஊசி கொஞ்சம் நிரப்பிக் கொடுக்கும். ஆனால் தொங்கலை மறைக்க மேலும் மேலும் நிரப்பினால் முகம் உப்பி, ஆளே மாறிவிடும்.

ஃபில்லர் ரத்தக் குழாய்க்குள் போய்விட்டால் தோல் அழுகலாம், அரிதாகப் பார்வையே போகலாம். ஃபில்லரில் ஒரு வகையான ஹயலுரோனிக் அமில ஃபில்லரைக் கரைக்க ஹயலுரோனிடேஸ் என்ற மருந்து உண்டு. அது கையிருப்பில் இருக்கிறதா என்று ஊசி போடும் மருத்துவரிடம் கேளுங்கள். பதில் சொல்லத் தடுமாறினால் எழுந்து வந்துவிடுங்கள். கத்தியில்லாத சிகிச்சை என்றாலே ஆபத்தில்லை என்றும் நினைக்க வேண்டாம். 1990களில் உலகப் புகழ்பெற்ற மாடலாக இருந்த லிண்டா எவாஞ்சலிஸ்டா, கொழுப்பை உறையவைக்கும் சிகிச்சைக்குப் பிறகு கொழுப்பு குறைவதற்குப் பதில் கூடிவிட்டது என்று 2021இல் வெளிப்படையாகச் சொன்னார்.

முக அறுவை சிகிச்சை தவறல்ல. நன்றாகச் செய்தால் பத்து வருடம்கூடப் பலன் நிற்கலாம். வீக்கமும் கன்றலும் வடிய இரண்டு வாரமாவது ஆகும். புகைப்பழக்கம், ரத்தம் உறையாமலிருக்க எடுக்கும் மாத்திரை எதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

ஆனால் கண்ணாடி பார்க்கவே பிடிக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது. மாதவிடாய் நிற்கும் இந்த வயதில் தூக்கமின்மை, மனச்சோர்வு வருவது சகஜம், சிகிச்சையும் உண்டு. முதலில் அதற்கு மருத்துவரைப் பாருங்கள். மனம் தெளிந்து சில மாதங்கள் கழித்தும் கன்னம் உறுத்தினால், அப்போது பிளாஸ்டிக் சர்ஜனிடம் போங்கள், அவசரமில்லை.

அதுவரை தினமும் சன்ஸ்கிரீன் பூசுங்கள். ஆஸ்திரேலியாவில் 55 வயதுக்கு உட்பட்டவர்களிடம் நடந்து 2013இல் வெளியான ஆய்வில், நான்கரை ஆண்டு தினமும் பூசியவர்களுக்கு, இஷ்டப்படி பூசியவர்களைவிடத் தோல் முதுமை 24 சதவீதம் குறைவாக இருந்தது. வெயிலிலிருந்து எவ்வளவு காக்கும் என்று காட்டும் எஸ்.பி.எஃப். எண் 30க்குக் குறையாமல் பார்த்து வாங்குங்கள், கழுத்தையும் விட்டுவிடாதீர்கள்.