கட்-ஆஃப் தாண்டியும் ஓபிசி இடத்தில் சேர்த்துவிட்டார்களா?

மத்திய அரசு வேலைத் தேர்வில் பொதுப் பிரிவு கட்-ஆஃபைவிட அதிக மதிப்பெண் எடுத்தும் உங்களை ஓபிசி (இதர பிற்படுத்தப்பட்டோர்) ஒதுக்கீட்டு இடத்தில் சேர்த்துவிட்டார்கள் என்கிறீர்கள். உங்கள் ஆதங்கம் நியாயமானது. இன்னொரு ஓபிசி தேர்வரின் வாய்ப்பும் இதில் பறிபோகிறதே! தகுதியில் வந்தவரை ஒதுக்கீட்டுக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று 1992 இந்திரா சாஹ்னி தீர்ப்பிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2020-இல் சௌரவ் யாதவ் வழக்கிலும் அதையே உறுதி செய்தது.

சரி, விண்ணப்பத்தில் வயதுச் சலுகை வாங்கினீர்களா? சிக்கல் அங்கேதான். சலுகை பெற்றவர் பொதுப் பிரிவுக்கு மாற முடியாது என்று விதி இருந்தால் அது செல்லும் என்று 2017-இல் தீபா வழக்கில் தீர்ப்பானது. உங்கள் அறிவிக்கையில் அந்த வரி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சலுகை எதுவும் வாங்கவில்லை என்றால் உடனே எழுத்தில் முறையிடுங்கள். மறுத்தால் மத்திய நிர்வாகத் தீர்ப்பாயம் போகலாம், ஆனால் ஒரு வருடத்துக்குள் போய்விட வேண்டும்.