போர் போடும்போது பெண்டோனைட் கரைசல் மண்ணுக்குள்ளேயே போய்விடுகிறது. தடுக்க என்ன வழி?

ராதாபுரம் பக்கம் ரோட்டரி வண்டி வைத்துப் போர் போடுகிறோம், 100 அடி தாண்டியதும் பெண்டோனைட் கரைசல் (துளைச் சுவர் சரியாமல் பிடிக்கவும் வெட்டிய மண்ணை மேலே கொண்டுவரவும் சுற்றவிடும் களிமண் கூழ்) திரும்பி வராமல் தொட்டி காலியாகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் ஓமனில் எண்ணெய்க் கிணறுகளில் சேறு, அதாவது இதே மாதிரிக் கரைசல், கலக்கும் வேலையில் ஒன்பது வருஷம் இருந்தவன். சொந்த ஊர் திசையன்விளைக்குப் பக்கம். நீங்கள் கேட்டதில் பாதியை அங்கே படித்தேன். மீதியை உவரிக்குப் பக்கத்தில் சித்தப்பாவின் தென்னந்தோப்பில் மானம் போய்ப் படித்தேன்.

முதலில் பம்பை நிறுத்திப் பாருங்கள். நிறுத்தியதும் துளைக்குள் மட்டம் அப்படியே நின்றால், உங்கள் பம்பின் வேகம்தான் கரைசலை மண்ணுக்குள் தள்ளுகிறது. வேகத்தைக் குறைத்தாலே பாதி சரியாகிவிடும். நிறுத்திய பிறகும் மட்டம் இறங்கிக்கொண்டே போனால் கீழே பருமணலோ பாறை வெடிப்போ சுண்ணாம்புப் பொந்தோ இருக்கிறது. நம் பக்கத்தில் மூன்றுக்கும் வாய்ப்பு உண்டு. 2021 மழையில் ஆயன்குளத்துக் கிணறு வாரக்கணக்கில் வெள்ளத்தைக் குடித்தும் நிரம்பாமல் கிடந்ததை ஊரே வண்டி பிடித்துப் போய் வேடிக்கை பார்த்தோமே? சென்னை ஐஐடி குழு வந்து பார்த்து, அடியில் சுண்ணாம்புப் பாறைக் குகைகள் என்றது. அந்த மாதிரி இடத்தில் ஒரு தொட்டிக் கரைசல் எந்த மூலைக்கு?

அடுத்தது அழுத்தக் கணக்கு. 10 மீட்டர் தண்ணீர் நின்றால் அடியில் சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ அழுத்தம். நிலத்தடி நீர் 20 மீட்டருக்குக் கீழே கிடக்கிற ஊரில் துளையை வாய்வரை நிரப்பினால், வெறும் தண்ணீரே மண்ணை 2 கிலோ அதிகமாக அழுத்தும். இதற்கு மேல் கரைசலும் கனத்தால் கேட்கவே வேண்டாம். கனக்கிறது என்றால் பெண்டோனைட் அதிகமாகிவிட்டது என்று நினைக்கிறார்கள். 1000 லிட்டருக்கு 50 கிலோ போட்டாலும் லிட்டருக்கு 30 கிராம்தான் கூடும். கனமெல்லாம், கரைசல் திரும்பி வந்து சேரும் குழியில் படியாமல் திரும்பத் திரும்பச் சுற்றும் மணலால் வருகிறது. ஒரு லிட்டர் பாட்டிலில் கரைசலைப் பிடித்து மளிகைக்கடைத் தராசில் வையுங்கள். பாட்டில் எடை போக ஒரு கிலோ 50 கிராமுக்குள் இருந்தால் நல்லது. ஒரு கிலோ 100 கிராமைத் தாண்டினால் குழியைப் பெரிதாக்கி, நடுவே ஒரு தடுப்பு வைத்து, மணலை அள்ளி வெளியே போடுங்கள். இந்த ஒரு வேலையைச் செய்ய வண்டிக்காரருக்குச் சோம்பல். அதற்குப் பதிலாக இன்னும் இரண்டு மூட்டை பெண்டோனைட்டை உங்கள் தலையில் கட்டுவார்.

கடற்கரைத் தண்ணீரில் இன்னொரு வம்பு. உப்புத் தண்ணீரில் பெண்டோனைட் ஊறாது, தயிர் திரிந்த மாதிரி பிரிந்து நிற்கும். நல்ல தண்ணீர் லாரியில் வாங்கி, 1000 லிட்டருக்கு அரைக் கிலோவிலிருந்து ஒரு கிலோ வரை சோடா உப்பு (சலவை சோடா, சமையல் சோடா இல்லை) போட்டு, முதல் நாள் ராத்திரியே கலக்கி ஊறவிடுங்கள். ராடை (துளைக்கும் இரும்புக் குழாயை) இறக்கும்போது மெதுவாக இறக்குங்கள். வேகமாக இறக்கினால் சிரிஞ்சுத் தண்டை அமுக்குவது போல அது கரைசலை மண்ணுக்குள் தள்ளும். நிறுத்தி வைத்த துளையில் பம்பைப் போடும் முன் ராடைக் கொஞ்சம் சுற்றிவிடுங்கள். உறைந்து நிற்கும் கரைசலை ஒரேயடியாகத் தள்ளினால் சுவர் கிழியும்.

இத்தனை செய்தும் குடித்தால், ராடைக் குடிக்கிற இடத்துக்கு மேலே தூக்கிவைத்துவிட்டு நாலைந்து மணி நேரம் சும்மா இருங்கள். கை சும்மா இருக்காதுதான், ஆனால் பல துளைகள் இதிலேயே ஆறிவிடுகின்றன.

அதற்கப்புறம்தான் அடைப்பான்கள். ஓமனில் அபிரகச் (மைக்கா) செதில், வால்நட் ஓட்டுத் தூள், சுண்ணாம்புக்கல் பொடி என்று மூட்டை மூட்டையாக வைத்திருப்போம். ஒரே அளவுப் பொடி நிற்காது. வெடிப்பின் அகலத்துக்கு ஏற்ற பெரிய துணுக்கு முதலில் குறுக்கே சிக்க வேண்டும், சின்னது அதன் சந்தில் போய் உட்கார வேண்டும். நம் ஊர்க் கைபோர்க்காரர்கள் சாணியும் உமியும் கரைத்து ஊற்றியதும் இதே கணக்குதான்.

இந்த அறிவோடுதான் சித்தப்பா தோப்பில் இறங்கினேன். 112 அடியில் கரைசல் காணாமல் போனது. "என்னலே, நீ கலக்கக் கலக்க அது குடிச்சிக்கிட்டே இருக்கு?" என்றார். மரத்தூள், அபிரகம், கடைசியில் சிமெண்ட். அடைத்தேவிட்டேன். வண்டிக்காரரே "அண்ணாச்சி, கைதேர்ந்த ஆளுதான்" என்றார். 180 அடி வரை ஒரு சொட்டு நஷ்டமில்லாமல் போனோம். மோட்டாரை இறக்கிப் போட்டால் ஐந்து நிமிஷம் தண்ணீர், அப்புறம் காற்று. நான் சிமெண்ட் வைத்து அடைத்த 112 அடிதான் அந்தத் தோப்பின் ஊற்றுக்கண்!

அரபு நாட்டில் உம் எர் ராதுமா என்று ஒரு சுண்ணாம்புப் பாறை அடுக்கு. எண்ணெய் துளைக்கிறவனுக்கு அது சனியன்; மேலே எதுவும் திரும்பி வராவிட்டாலும் வெறும் தண்ணீரை விட்டுத் துளைத்து, கேசிங்கை (துளைச் சுவரை மறைக்கும் குழாயை) இறக்கி மூடிவிட்டுத்தான் மேற்கொண்டு போவோம். அதே அடுக்கிலிருந்துதான் சவூதியில் விவசாயத்துக்கே தண்ணீர் இறைக்கிறார்கள். ஒன்பது வருஷம் அந்த வேலையில் இருந்தும் எனக்கு இது உறைக்கவில்லை பாருங்கள்.

15 அடி தள்ளி இரண்டாவது துளை போட்டோம், சித்தப்பா முகம் கொடுத்துப் பேசாமலேயே. இந்தத் தடவை பெண்டோனைட்டுக்குப் பதில் குவார் பிசின், அதாவது கொத்தவரை விதையின் மாவு. சில நாளில் தானே சிதைந்து தண்ணீராகிவிடும். அவசரமென்றால் கொஞ்சம் பிளீச்சிங் கரைசல் விட்டால் போதும். குடிக்கத் தொடங்கிய அடியையும் நின்ற அடியையும் ராடில் சாக்பீஸால் குறித்துக்கொண்டேன். மரத்தூள், உமி பக்கமே போகவில்லை. அவை உள்ளே கிடந்து அழுகித் தண்ணீரை நாற வைக்கும். லாரித் தண்ணீர் செலவு கூடத்தான் ஆனது. பொந்துக்கு மேல் வரை முழுக் குழாய், குறித்த இடத்தில் சல்லடைக் குழாய், பிறகு மூன்று நாள் கம்ப்ரசர் விட்டுக் கழுவினோம். நாலாம் நாள் காலையில் தண்ணீர் தெளிந்தது. சித்தப்பா ஒரு செம்பு பிடித்துக் குடித்துப் பார்த்துவிட்டு, "உப்பு இல்லலே" என்றார்.

உங்கள் துளை எத்தனையாவது அடியில் குடிக்கிறது, மேலே வந்த மண் என்ன நிறம் என்பதைக் கருத்தில் எழுதுங்கள். அதற்குள் யாராவது சிமெண்ட் மூட்டையைப் பிரித்தால் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.