பிரசவத்தில் சாதிப் பாகுபாடு: ஆய்வை எங்கிருந்து தொடங்குவது?

பாளையங்கோட்டையில் நர்சிங் முதுகலை படிக்கும் ஒரு மாணவி கேட்கிறார்: "அமெரிக்காவில் பிரசவத்தில் கறுப்பினத் தாய்மார்கள்தான் அதிகம் இறக்கிறார்கள் என்று படித்தேன். அதே மாதிரி நம்ம மாவட்டத்தில் சாதிவாரியாகத் தாய் இறப்பை ஒப்பிட்டு ஆய்வேடு எழுதலாமா?"

எழுதலாம், எழுதத்தான் வேண்டும். ஆனால் இறப்பை எண்ண வேண்டாம். அமெரிக்காவில் 2023இல் லட்சம் பிறப்புக்குக் கறுப்பினத்தில் 50.3 தாய்மார்களும் வெள்ளையினத்தில் 14.5 தாய்மார்களும் இறந்தார்கள் என்பது நாடு முழுக்கத் திரட்டிய கணக்கு. ஒரே மாவட்டத்தின் ஒரு வருஷத்து இறப்புகளைச் சாதிவாரியாகப் பிரித்தால் ஒவ்வொரு சாதிக்கும் விரல்விட்டு எண்ணும் அளவுதான் மிஞ்சும், அதை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. ஆஸ்பத்திரிப் பிரசவ விகிதமும் உதவாது. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுக்கு அது 99.6 சதவீதம். எல்லோரும் வாசலைத் தாண்டிவிட்டார்கள், உள்ளே யாரை எப்படி நடத்தினார்கள் என்பதைத்தான் நீங்கள் தேட வேண்டும்.

"மரியாதையா நடத்தினாங்களா?" என்று தாய்மார்களிடம் கேட்டால் "நல்லாத்தான் பாத்தாவ" என்று முடித்துவிடுவார்கள். நடந்ததைக் கேளுங்கள்: வலியோடு வந்து எவ்வளவு நேரம் கழித்து டாக்டர் பார்த்தார், "ஏட்டி" என்று அதட்டினார்களா, அடித்தார்களா, கருத்தடைக்குக் காப்பர் டி வைக்கும் முன் சம்மதம் கேட்டார்களா, ரத்தப்போக்கு அதிகமானபோது எத்தனை இடத்துக்கு அலையவிட்டார்கள்? சாவின் விளிம்புவரை போய்ப் பிழைத்தவர்களின் கதையை விடாமல் எழுதுங்கள், தாமதம் எங்கே நடந்தது என்பது அதில்தான் தெரியும்.

வார்டில் வைத்துக் கேட்கவே கூடாது, பக்கத்தில் நர்ஸ் நிற்கும்போது எந்தத் தாய் வாய் திறப்பாள்? சில வாரம் கழித்து வீட்டில் பாருங்கள். தலைப்பிரசவம் என்றால் தாய்வீட்டில் இருப்பாள், புகுந்த வீட்டு முகவரியில் தேடினால் கிடைக்க மாட்டாள். மாமியாரை வைத்துக்கொண்டு கேட்காதீர்கள். சாதியைக் கடைசியில் கேளுங்கள். கேட்கிற உங்கள் சாதி என்ன என்று அவர்களும் யோசிப்பார்கள், அதனால் கூட்டிப் போகும் ஆளையும் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். காரையாறு பக்கத்துக் காணிப் பழங்குடி மக்கள் மிகக் குறைவு, ஊரும் வயதும் சேர்த்து எழுதினாலே ஆள் யாரென்று தெரிந்துவிடும்.

அலசும்போது "படிப்பில்லை, வறுமை" என்று முடித்துவிடாதீர்கள். அமெரிக்காவில் 2007-16 கணக்கில், பட்டம் பெற்ற கறுப்பினப் பெண்களே அதே படிப்புள்ள வெள்ளையினப் பெண்களைவிட 5.2 மடங்கு விகிதத்தில் இறந்திருக்கிறார்கள். ஆகவே ஒரே படிப்பு, ஒரே வருமானம் உள்ளவர்களைச் சாதி தாண்டி ஒப்பிடுங்கள். அப்புறம், கல்லூரியின் நெறிமுறைக் குழு அனுமதி கையில் வருமுன் ஒரு பேட்டிகூட எடுக்காதீர்கள்.